கலகக் குடியும் அம்மாவின் மஞ்சப்பையும்

2012இல் ஒரு கருத்தரங்கில் கட்டுரை படித்தேன். எம்.ஏ. தமிழ் முடித்த கையோடு இயக்க வேலைகளில் ஓடிக்கொண்டிருந்த நேரம். தலைப்பு 'குடி: ஒரு கலகச் சொல்லாடல்'. விடுதியில் தங்கிப் படித்தபோது சீனியர் அண்ணன்கள் விட்டுச்சென்ற தொண்ணூறுகளின் சிறுபத்திரிகைகளை ஒரு மூட்டையாகக் கட்டி வைத்திருந்தேன். அவற்றிலிருந்து கற்ற சொற்கள்தாம் அன்று எனக்கு ஆயுதம். மாட்டுக்கறி கலகம், பறை கலகம், கெட்டவார்த்தை கலகம். அந்த வரிசையில் குடியும் கலகம் என்று எழுதினேன். சேரியின் குடி பார்ப்பனிய ஒழுக்கத்தைக் கவிழ்த்துப் போடுகிறது என்றேன். போதையில்தான் தலித் உடல் ஆண்டையின் தெருவில் நிமிர்ந்து நடக்கிறது என்றேன். கைதட்டினார்கள். ஒரு பேராசிரியர் எழுந்துவந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு ஒரு சின்னப் பத்திரிகையில் அச்சாகவும் செய்தது.

அந்த இதழை வீட்டுக்கு எடுத்துப் போனேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. பத்தாவதோடு நின்றுபோன தங்கச்சி நிறுத்தி நிறுத்தி முழுவதையும் படித்துக் காட்டினாள். அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டார். பாதி வார்த்தைகள் அவருக்குப் புரிந்திருக்காது. ஆனால் விஷயம் புரிந்துவிட்டது.

"ஏண்டா, உங்கப்பன் குடிச்சிட்டு கலகம் பண்ணுச்சின்னு எழுதியிருக்கியே, யாருகூடடா பண்ணுச்சி? ஆண்ட வூட்டு வாசல்ல நின்னு ஒரு நாளாவது சத்தம் போட்டிருக்குமா? எங்கிட்டதான் பண்ணுச்சி. எம் முதுகப் பாத்து எழுதுடா."

அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. முறத்தைத் தட்டிவிட்டு எழுந்து போய்விட்டார். அந்தக் கேள்விக்கு இத்தனை வருஷமாக நான் பதில் எழுதவில்லை. இதுதான் அது. என் கட்டுரைக்கு நானே எழுதும் விமர்சனம் என்றும் தோழர்கள் வைத்துக்கொள்ளலாம்.

முதலில், நாம் ஏன் அப்படி எழுதினோம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். அதற்கு நியாயம் இருந்தது. 1937 அக்டோபரில் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். 1948இல் சென்னை மாகாணம் முழுவதற்கும் அது பரவியது. அந்தக் காலத்துச் சீர்திருத்தக்காரர்களின் வாயில் சேரி என்றாலே மூன்று புத்திமதிகள்தாம்: குளி, குடியை விடு, மாட்டுக்கறியை விடு. தீண்டாமை என்பது தீண்டாதவனின் குற்றமாக இல்லாமல் தீண்டப்படாதவனின் கெட்ட பழக்கமாக மாற்றப்பட்டது. நீ சுத்தமானால் நாங்கள் தொடுவோம் என்பதுதான் அதன் பொருள். தமிழ்க் கதைகளிலும் சினிமாக்களிலும் தள்ளாடிக்கொண்டு வருகிற குடிசைவாசி இந்தப் புத்திமதியின் பிள்ளை. அவனுக்குப் பெயர் இருக்காது, வரலாறு இருக்காது, ஒரு புட்டி மட்டும் இருக்கும். கடைசியில் திருந்துவான், இல்லை சாவான். குடிக்கிற மிராசுதாருக்கும் கிளப்பில் குடிக்கிற அதிகாரிக்கும் இந்தத் தண்டனை இல்லை. அவர்கள் குடித்தால் அது சோகம், அல்லது நாகரிகம்.

இந்த முதல் குடிகாரனை எதிர்த்துத்தான் நாம் இரண்டாவது குடிகாரனைப் படைத்தோம். அவன் கலகக்காரன். புனிதங்களின் மேல் காறித் துப்புகிறவன். நல்ல எதிர்வினைதான். ஆனால் எதிர்வினை என்பதாலேயே அது எதிரி போட்ட கட்டத்துக்குள்தான் ஆடியது. அவன் 'ஒழுக்கக்கேடு' என்றான், நாம் 'ஆமாம், ஒழுக்கக்கேடுதான், அதுவே எங்கள் அரசியல்' என்றோம். இரண்டு பேருமே குடியை ஒழுக்கத்தின் கேள்வியாகவே வைத்துக்கொண்டோம். இரண்டு பேரின் எழுத்திலும் கல்லீரல் இல்லை. இரண்டு பேரின் எழுத்திலும் அம்மா இல்லை.

உடம்பிலிருந்து தொடங்குகிறேன். தொண்ணூறுகளில் 'உடல்' பற்றி நாம் பேசாத பேச்சில்லை. உடல் மீதான அதிகாரம், உடலின் கொண்டாட்டம், உடலின் கலகம் என்று பக்கம் பக்கமாக எழுதினோம். அந்த உடலுக்குள் என்ன நடந்தது என்று ஒருவரும் எழுதவில்லை.

2013இல் தங்கச்சிக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் வருகிற நேரத்தில் அப்பா குடிக்காமல் இருக்க வேண்டும் என்று வீட்டிலேயே பிடித்து உட்கார வைத்தோம். நான்தான் முன்நின்று செய்தேன். முதல் நாள் கை நடுங்கியது. சோற்றை வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டியது. இரண்டாம் நாள் ராத்திரி வலிப்பு வந்தது. கையில் சாவிக்கொத்தைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டோம். மூன்றாம் நாள் சுவரில் பாம்பு ஏறுகிறது என்று அலறினார், செத்துப்போன தாத்தாவோடு பேசினார். பேய் பிடித்துவிட்டது என்று பூசாரியைக் கூட்டிவந்தார்கள். வேப்பிலை அடித்தார்கள். எம்.ஏ. படித்த நானும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போன பிறகு டாக்டர் திட்டியதுதான் எனக்குப் பாடம். வருஷக்கணக்காக நாள் தவறாமல் குடிக்கிறவரின் மூளையும் நரம்பும் அந்தச் சாராயத்துக்கு ஈடுகொடுத்தே வேலை செய்யப் பழகியிருக்கும். அதைத் திடீரென்று நிறுத்தினால் நரம்பு மண்டலம் தறிகெட்டு ஓடும். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளுக்குப் பிறகு சித்தம் கலங்கி இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும். கவனிக்காமல் விட்டால் ஆள் செத்தும் போகலாம். ஆஸ்பத்திரியில் வைத்து, மருந்து கொடுத்து, வைட்டமின் பி1 ஊசி போட்டுத்தான் குடியை நிறுத்த வேண்டும். 'மனசு வெச்சா விட்டுடலாம்' என்று ஊரே சொல்கிறது, சினிமா சொல்கிறது, மேடையில் தலைவர்கள் சொல்கிறார்கள். மனசு வைத்தவரைத்தான் நாங்கள் வேப்பிலையால் அடித்துக்கொண்டிருந்தோம்.

அந்த முறை பிழைத்து வந்தார். ஆறு மாதம் குடிக்கவில்லை. அப்புறம் ஒரு சாவு வீட்டில் ஆரம்பித்தார். 2014இல் கண் மஞ்சளானது, கால் வீங்கியது, வயிறு பானை மாதிரி ஊதியது. மகோதரம் என்றார்கள் ஊரில். கல்லீரலில் முதலில் கொழுப்பு படியும், பிறகு அழற்சி வரும், பிறகு தழும்பேறி இறுகிப்போகும். இறுகிய கல்லீரல் வழியாக ரத்தம் போக முடியாமல் வயிற்றில் நீர் கோக்கும், உணவுக்குழாயில் ரத்த நாளங்கள் புடைக்கும். அப்படிப் புடைத்தது ஒரு விடிகாலையில் வெடித்தது. வாய் வழியாக வந்த ரத்தத்தை அம்மா அன்னக்கூடையில் பிடித்தார். அப்பாவுக்கு அப்போது வயசு 52. என் கட்டுரையில் நிமிர்ந்து நடந்த தலித் உடல் இதுதான்.

அவர் செத்த பிறகு அம்மா ஒரு மஞ்சப்பையை என் முன்னால் கொட்டினார். கம்மல் அடகு வைத்த சீட்டு, மூக்குத்தி சீட்டு, மூழ்கிப்போன அண்டாவின் சீட்டு. மகளிர் குழுக் கடன் பாஸ்புக். ஆஸ்பத்திரித் துண்டுச்சீட்டுகள். தங்கச்சியின் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட். மார்க் ஷீட் ஏன் இந்தப் பையில் இருக்கிறது என்று கேட்டேன். "அதுவும் அடகுல போனதுதானேடா" என்றார். அப்பா அந்தக் காலத்தில் 250 ரூபாய் கூலி வாங்கினால் 150 கடைக்குப் போகும். மீதியில் பாதி கடனுக்கு. தங்கச்சியைப் பதினொன்றாவது சேர்க்காமல் பிளாஸ்டிக் கம்பெனிக்கு அனுப்பியது அந்தக் கணக்கில்தான். நான் ஆம்பிளைப் பிள்ளை, படித்தேன். 'குடி: ஒரு கலகச் சொல்லாடல்' என்று எழுதுவதற்கான படிப்புக்கு யார் பணம் கட்டினார்கள் என்று அந்தப் பையைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

நம் வீட்டுக் கதை மட்டுமல்ல இது. 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, அடிக்கடி குடித்துவிட்டு வருகிற கணவனைக் கொண்ட பெண்களில் 70 சதவீதம் பேர் அவனிடம் உடல் வன்முறையோ பாலியல் வன்முறையோ அனுபவித்தவர்கள். குடிக்காத கணவனைக் கொண்டவர்களிடையே இது 23 சதவீதம். குடிக்காதவனும் அடிக்கிறான் என்பதைக் கவனியுங்கள். அடிக்கும் கையைக் கொடுத்தது சாராயம் இல்லை, ஆண் என்கிற அதிகாரம். சாராயம் அந்தக் கைக்கு ஒரு சாக்கைக் கொடுக்கிறது. 'போதையில அடிச்சிட்டேன்' என்கிறான். அதே போதையில் அவன் ஆண்டையை அடிப்பதில்லை. அம்மாவின் கேள்வி இதுதான்.

நம் இலக்கியத்தில் இந்தக் கேள்வி முன்பே எழுதப்பட்டிருக்கிறது, நான் படித்தும் படிக்காமல் விட்டேன். பாமாவின் 'சங்கதி' 1994இல் வந்தது. நாங்கள் கலகத்தைக் கோட்பாடாக எழுதிக்கொண்டிருந்த அதே பத்தாண்டு. அதில் ராக்கம்மா என்று ஒருத்தி வருகிறாள். அடிக்கிற புருஷனைத் தெருவில் இழுத்துவிட்டு, வாயில் வந்ததையெல்லாம் பேசி, சேலையைத் தூக்கிக் காட்டி அவனைக் கூசிப்போக வைக்கிறாள். இந்தக் காட்சியை நான் என் கட்டுரையில் 'கெட்டவார்த்தையின் கலகம்' என்று மேற்கோள் காட்டியிருந்தேன். கலகம்தான். யாருக்கு எதிரான கலகம் என்பதைச் சௌகரியமாக விட்டுவிட்டேன். வயலில் அவமானப்பட்டு வருகிற ஆண், அந்தக் கோபத்தை வீட்டில் பெண்ணின் மேல் இறக்குகிறான் என்பதைப் பாமா காரணமாகச் சொல்கிறார், மன்னிப்பாகச் சொல்லவில்லை. பெண் தன் குறைந்த கூலியை முழுசாக வீட்டில் போடுகிறாள், ஆண் தன் கூலியைத் தன் இஷ்டத்துக்குச் செலவழிக்கிறான் என்று கணக்கும் போடுகிறார். 'சங்கதி'யைப் பலரும் இனவரைவியல் என்றும் பேச்சுமொழி என்றும் பாராட்டிவிட்டு நகர்ந்துவிட்டோம். அது நம்மைப் பற்றிய விமர்சனம் என்று படிக்கவில்லை. மராத்தியில் தயா பவார் 1978இலேயே தன் 'பலூதா'வில் அப்பாவின் குடியை மறைக்காமல் எழுதினார். தன் வரலாறு என்ற வடிவத்துக்குத் தலித்துகள் கொடுத்த பெரிய பங்களிப்பு இந்த வெட்கமில்லாத நேர்மைதான். அதை விட்டுவிட்டுக் கோட்பாட்டின் பின்னால் போனது நம் பிழை.

இனிமேல் ஒரு கேள்வி வரும். 'அப்படியானால் நீயும் ராஜாஜி பக்கம் போய்விட்டாயா?' இல்லை. சாதியை விட்டுவிட்டுக் குடியைப் பேசுவது முதல் குடிகாரனிடமே திரும்பிப் போவதாகும். அப்பாவுக்கு முதல் குடியைக் கொடுத்தது ஊர். பதினாலு வயசில் தாத்தாவோடு ஊர்த்தெருச் சாவுக்குப் பறையடிக்கப் போனபோது, கூலிக்கு முன்னால் சாராயம் கொடுத்தார்கள். பிணத்துக்கு முன்னால் ராவெல்லாம் அடிக்க வேண்டும், சுடுகாடு வரைக்கும் அடிக்க வேண்டும். பசி தெரியக் கூடாது, அவமானம் தெரியக் கூடாது. குழி வெட்டுகிறவருக்கும் பிணம் எரிக்கிறவருக்கும் இப்படித்தான். மலக்குழியில் இறங்குகிற தோழர்களைக் கேளுங்கள், குடிக்காமல் அந்த நாற்றத்துக்குள் எப்படி இறங்குவது என்பார்கள். சேரிக்குச் சாராயம் வந்த வழிகளில் ஒன்று சாதித் தொழிலின் கூலி. கொடுத்தவனே பிறகு 'குடிகாரப் பசங்க' என்றான். ஆண்டை ஊற்றிக் கொடுத்ததைக் குடித்துவிட்டு அதை ஆண்டைக்கு எதிரான கலகம் என்று நான் எழுதியிருக்கிறேன். இதைவிடப் பெரிய ஏமாளித்தனம் இருக்க முடியுமா?

ஆண்டையின் இடத்துக்கு இப்போது அரசு வந்துவிட்டது. 1983இல் தொடங்கப்பட்ட டாஸ்மாக், 2003 நவம்பரிலிருந்து சில்லறைக் கடைகளையும் தானே நடத்துகிறது. 2023-24இல் அதன் மூலம் அரசுக்கு வந்த வருமானம் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். கூலியாகக் கொடுத்த கையே குவார்ட்டராகத் திரும்ப வாங்கிக்கொள்கிறது. கடைக் காசும் இல்லாதவன் பாக்கெட் சாராயத்துக்குப் போகிறான். 2023 மே மாதம் மரக்காணம் பக்கம் எக்கியார்குப்பத்தில் மீனவர்கள் செத்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60 பேருக்கு மேல் செத்தார்கள். பெரும்பாலும் கூலிகள், அவர்களில் நம் மக்கள் ஏராளம். இரண்டு இடத்திலும் மெத்தனால். உடம்புக்குள் போய்ப் பார்மிக் அமிலமாக மாறி முதலில் கண்ணைக் குருடாக்கும் விஷம். அரசு செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் அறிவித்ததும் டீக்கடைதோறும் ஒரே பேச்சு: 'குடிச்சிச் செத்தவனுக்கு எதுக்கு பத்து லட்சம்?' பார்த்தீர்களா, 1937இன் குடிகாரன் இன்னும் சாகவில்லை. செத்தது கருணாபுரத்துக்காரர்கள்தாம்.

அண்மையில் வந்த ஒரு படத்தையும் இங்கே பேச வேண்டும். தினகரன் சிவலிங்கம் இயக்கி, நீலம் தயாரித்து, 2025 ஜனவரியில் வெளியான 'பாட்டல் ராதா'. கட்டடத் தொழிலாளி ராதாமணி, அவன் மனைவி அஞ்சலம், ஒரு குடிநோய் மறுவாழ்வு இல்லம். குடியைக் கேலியாகவும் பாட்டாகவும் காட்டியே கல்லா கட்டிய தமிழ் சினிமாவில், இது நோய் என்று ஒரு உழைப்பாளியின் வீட்டுக்குள்ளிருந்து சொன்னதற்காக அந்தப் படத்தைக் கொண்டாட வேண்டும். அஞ்சலத்தின் கோபம் நிஜமானது. ஆனாலும் எனக்கு ஒரு குறை. படம் நெடுநேரம் இல்லத்துக்குள் ஆண்களோடு உட்கார்ந்துகொள்கிறது. அவர்களின் சிரிப்பு, அவர்களின் தப்பித்தல், அவர்களின் மீட்சி. அந்த நாட்களில் அஞ்சலம் வட்டிக்காரனுக்கு என்ன பதில் சொன்னாள், ராத்திரி யார் கதவைத் தட்டினார்கள், பிள்ளைகள் பள்ளியில் என்ன பேச்சு வாங்கினார்கள் என்று நான் தேடிக்கொண்டே இருந்தேன். திருந்துகிறவனின் கதை நமக்குக் கிடைத்துவிட்டது. காத்துக்கிடந்தவளின் கதை இன்னும் பாக்கி.

அம்பேத்கரிடம் போவோம். 1951இல் பட்டியல் சாதிக் கூட்டமைப்பின் தேர்தல் அறிக்கையில் மதுவிலக்கைக் கைவிட வேண்டும் என்று எழுதப்பட்டது. அந்த வருமானத்தை மக்களுக்குச் செலவழி என்பது வாதம். அதே அம்பேத்கர் 1956 அக்டோபர் 14இல் நாக்பூரில் லட்சக்கணக்கானவர்களோடு ஏற்ற 22 உறுதிமொழிகளில் மது அருந்தமாட்டேன் என்பதும் ஒன்று. முரண்பாடு என்று சிலர் துள்ளுவார்கள். எனக்கு இதில் முரண்பாடு தெரியவில்லை. போலீஸ் லத்தியால் சேரிக்குள் ஒழுக்கத்தைக் கொண்டுவராதே என்பது அரசுக்குச் சொன்னது. நம் பணமும் நம் உடம்பும் நம் பெண்களின் உயிரும் நமக்கு வேண்டும் என்பது நமக்கு நாமே சொல்லிக்கொண்டது. அயோத்திதாசர் பஞ்சசீலத்தைப் பேசியபோதும் அதில் கள்ளுண்ணாமை இருந்தது. அதைப் பார்ப்பனிய ஒழுக்கம் என்று நான் எழுதியிருந்தேன். பௌத்தத்தைப் பார்ப்பனியம் என்று எழுதிய அறிவை என்னவென்று சொல்ல!

ஒரு பாடம் என்ன செய்யும் என்பதற்கு ஆந்திரத்தைச் சொல்லலாம். நெல்லூர் மாவட்டத்தில் அறிவொளி இயக்கப் புத்தகத்தில் கணவனின் குடியால் நொந்த பெண் பற்றி ஒரு பாடம் இருந்தது. அதைப் படித்த தூபகுண்டா கிராமத்துப் பெண்கள், எழுத்துக்கூட்டி வாசிக்கக் கற்றுக்கொண்ட கையோடு, 1992இல் சாராயக் கடையை மூட வைத்தார்கள். அது மாநிலம் முழுக்கப் பற்றி, 1993 அக்டோபரில் ஆந்திர அரசு சாராயத்துக்குத் தடை போட்டது. பிறகு வந்த பூரண மதுவிலக்கு 1997இல் தளர்ந்துபோனது வேறு கதை. புதிதாக எழுத்துக் கற்ற பெண்கள் ஒரு பாடத்தில் தங்களைக் கண்டார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். என் கட்டுரையில் என் அம்மா தன்னைத் தேடினார், கிடைக்கவில்லை.

கடைசியாக நம் இயக்கத்தையும் சொல்லாமல் முடிக்க முடியாது. கூட்டம் முடிந்ததும் லாட்ஜ் ரூமில் என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரியும். அந்த நேரம் வந்ததும் பெண் தோழர்கள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். பாதி முடிவுகள் அவர்கள் போன பிறகுதான் எடுக்கப்படுகின்றன. நானும் அந்த ரூமில் இருந்தவன்தான், அப்பா செத்த பிறகும் இருந்தவன்தான். இதை ஒழுக்கப் பிரசங்கமாகச் சொல்லவில்லை. ஒரு குவார்ட்டரால் யார் வெளியே போகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள் என்கிறேன். நம்மில் கை நடுங்கத் தொடங்கிவிட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களை 'கலைஞன், அப்படித்தான்' என்று கொண்டாடிக் கொல்ல வேண்டாம். 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டமே இதை நோயின் கணக்கில் வைத்திருக்கிறது. பெரிய அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இதற்குச் சிகிச்சை இருக்கிறது. தோழர் ஒருவரைக் கூட்டிப்போய்ச் சேர்ப்பதும் இயக்க வேலைதான்.

என் 2012ஆம் ஆண்டுக் கட்டுரையை இதன் மூலம் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். யாராவது ஆய்வேட்டில் மேற்கோள் காட்டியிருந்தால் இதையும் சேர்த்துக் காட்டுங்கள். இதைப் படிக்கிற தோழர்கள், மாணவர்கள் தங்கள் வீட்டில் இப்படி ஒரு மஞ்சப்பை இருந்தால் அதைப் பிரித்து எழுதி அனுப்புங்கள். பெயர் போட வேண்டாம். தொகையைப் போடுங்கள், வருஷத்தைப் போடுங்கள், யாருடைய படிப்பு நின்றது என்று போடுங்கள்.

இதை எழுதி முடித்ததும் தங்கச்சியிடம் கொடுத்து அம்மாவுக்குப் படிக்கச் சொன்னேன். மகோதரம் என்ற இடம் வந்தபோது போதும் நிறுத்து என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "மிச்சத்தயும் படி" என்றார். முடிந்ததும் ஒரு திருத்தம் சொன்னார். அண்டா மூழ்கிப்போகவில்லையாம், அதை மீட்டுவிட்டாராம், மூழ்கியது குத்துவிளக்கு. மேலே நான் எழுதியதைத் தோழர்கள் அப்படியே திருத்திப் படித்துக்கொள்ளவும்.